வலப்பக்கத்து டயர்கள்

மகனே,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று ஆரம்பித்திருந்தாய். வேறு யாருக்கோ போக வேண்டியது தவறி இங்கே வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். என் பேர்தான் இருந்தது. கல்யாணம் ஆகிற வரைக்கும் நைனா நைனா என்று இந்தத் தெருவே அதிரும்படி கூப்பிட்டவன் நீ. மயிலாப்பூர்த் தண்ணீர் குடித்ததும் நான் அப்பா ஆகிவிட்டேன். ஆகட்டும். உன் அம்மா மாசியில் கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வருகிற முதல் கடிதம் இது. சாப்பிட்டாயா, தனியாக எப்படிப் பொழுது போகிறது என்று ஒரு வரியாவது இருக்கும் என்று தேடினேன். கடைசி வரைக்கும் டயர்தான் இருந்தது.

பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறாய். நாலு டயரும் தேய்ந்து கிடக்கின்றன. வெயிலுக்கும் தாங்க வேண்டும், மழையிலும் வழுக்கக் கூடாது, எதைப் போடலாம், நீங்கள்தான் டயர் பட்டறையில் இருக்கிறீர்களே, சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர்க் கோயிலில், வருஷம் பூரா சாமியை மூடியிருக்கிற கவசத்தைத் திறக்கும்போது மாமனார், மாமியார், மனைவி, குழந்தை எல்லோரையும் அந்தக் காரில் அழைத்து வரப் போவதாகவும், போகிற வழியில் ஐந்து நிமிஷம் என்னையும் பார்த்துவிட்டுப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். ஐந்து நிமிஷம்! ரொம்பப் பெரிய மனசு அய்யா உனக்கு. பெற்ற கடனுக்கு அது போதாதா?

இந்தப் பதிலை நான் ஒட்டி அனுப்பவில்லை. உறையின் வாய் திறந்தேதான் வருகிறது. தபால்காரன் படித்தாலும் சரி. உன் மனைவி படிக்கட்டும். உன் மாமனார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்து படிக்கட்டும். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் மூடி மூடி வைத்து நான் கண்டது ஒன்றுமில்லை.

முதலில் கேட்டதற்குப் பதில். டயர் விஷயத்தில் பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கி வைத்து மாற்றிக்கொள்ள நீ ஜமீன்தார் இல்லை. ஒரே டயர்தான் சித்திரையிலும் உருள வேண்டும், கார்த்திகையிலும் உருள வேண்டும். ஆழமாகக் குறுக்கு வெட்டு விழுந்த டயரைக் கடைக்காரன் எடுத்துக் காட்டுவான், மழைக்கு இதுதான் சார் ராஜா என்பான். அது சேற்றுக்கு ராஜா. எண்ணூரில் உப்பு ஏற்றப் போகிற லாரிக்கு அது லாயக்கு. தார் ரோட்டில் ஆபீஸுக்குப் போய் வருகிற உனக்கு இரைச்சல் போடும், சீக்கிரம் தேய்ந்து போகும். சுற்றிலும் நீளவாட்டில் கோடு ஓடி, அந்தக் கோட்டோரத்தில் சின்னச் சின்ன வெட்டு இருக்கிறதாகப் பார்த்து வாங்கு. நீளக்கோடு வண்டியை நேராக இழுத்துப் போகும். வெட்டு தண்ணீரை ஓரத்தில் தள்ளிவிடும். பழைய டயரில் சுட்ட கத்தியால் புதுசாகக் கோடு கீறி, மேலே கறுப்புப் பூசி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நகத்தால் சுரண்டு. விரலில் கறுப்பு ஒட்டினால் எழுந்து வந்துவிடு. ஓரச் சுவரை மடக்கிப் பார். உப்புக் காற்றில் நாள்பட்டுக் கிடந்த ரப்பர் முடி முடியாக வெடித்திருக்கும். அது புதுசானாலும் வேண்டாம்.

வெயில் காலத்தில் தார் இளகி டயரைப் பிடித்து இழுக்கும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அடி. ஓடிச் சூடேறிய டயர் கல் மாதிரி இருக்கிறதே என்று காற்றைத் திறந்து விடாதே, எல்லோரும் செய்கிற பைத்தியக்காரத்தனம் அது. மழையில் பயப்பட வேண்டியது அடைமழைக்கு இல்லை, முதல் தூறலுக்கு. திருவொற்றியூர் போகிற இந்த ஹைரோட்டில் மில் வண்டிகள் சிந்திய எண்ணெயும், கடலோரத்திலிருந்து அடித்து வந்த மணலும், மாட்டுச் சாணமும் மாதக்கணக்கில் படிந்து கிடக்கும். முதல் தூறல் விழுந்ததும் எல்லாம் குழைந்து ரோடு முழுக்கச் சோப்புத் தண்ணீர் கொட்டியது மாதிரி ஆகிவிடும். நாலு நாள் ஊற்றிக் கழுவிவிட்ட ரோட்டை நம்பலாம். தூறலை நம்பாதே. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ஒரே அச்சில் ஓடுகிற ரெண்டு டயரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். நாலும் புதுசாக வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் புது ஜோடியைப் பின்னால் போடு. இடப்பக்கம் புதுசு, வலப்பக்கம் பழசு என்று மட்டும் போடாதே. இதைப் படிக்கும்போது உன் காது சிவந்திருக்கும். நன்றாகச் சிவக்கட்டும்.

உன் மனைவிக்கு இது விளங்காது. பாவம், அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் அவளுக்காகச் சொல்கிறேன். மருமகளே, உன் மாமனாராகிய நான் பட்டறைக்காரனாகப் பிறக்கவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான் வரும். முகூர்த்த மாதங்களில் என்னைப் பிடிக்க முடியாது. வண்டி பெரிய வண்டி ஒன்றும் இல்லை. ஆனால், 'அந்த ஆளு வண்டிய எடுத்தா மடியில கொயந்தைய வச்சிக்கினு தூங்கலாம்' என்று ஜனங்கள் சொல்வார்கள். எனக்கு இருந்த சொத்து அந்த ஒரு பேர்தான். மற்றபடி காரில் பாதி கடன், வீட்டில் பாதி வாடகை.

எங்கள் வாடகைக் கார்க்காரர்களிடம் அப்போது ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. வண்டி எப்போதும் தெருவின் இடது ஓரத்தில்தான் நிற்கும். பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு இடப்பக்கம் நிற்பார்கள். போட்டோக்காரனும் அந்தப் பக்கம்தான். அதனால் நல்ல டயர், பளபளக்கிற சக்கர மூடி, பாலிஷ் எல்லாம் இடப்பக்கத்துக்கே போகும். வலப்பக்கம் ரோட்டைப் பார்த்துக் கிடக்கிற அனாதை. நான் ஒருத்தன்தான் அதைச் செய்ய மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். பட்டறை வைத்திருந்த காதர் பாய் ஒரு தடவை அப்படி வந்த வண்டியைப் பார்த்து, "இன்னாபா இது, வண்டியா? பாதி செரச்சிட்டு எய்ந்து வந்த தலயா?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மகனே, நீயும் அன்றைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தாய். ஞாபகம் இருக்கிறதா? ஏன் அப்படிப் போடக் கூடாது என்று அன்றைக்கே பாயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நீ. ஆகையால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லாதே.

உன் கல்யாணம் ஐப்பசியில் நடந்தது. யுத்தம் முடிந்தும் டயர்ப் பஞ்சம் தீராத காலம். கடை கடையாக ஏறி இறங்கிப் புதுசு ரெண்டுதான் கிடைத்தது. பின் அச்சில் ரெண்டையும் போட்டேன். முன்னால் பழைய ஜோடி, வழவழப்பாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று சமமாகத் தேய்ந்தது. மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயந்திரம் நான் வேட்டி மாற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன், நீ ஜாக்கியும் கையுமாக நிற்கிறாய். புது டயர் ஒன்று இடது முன்பக்கம் ஏறிவிட்டது. பழசு ஒன்று வலது பின்பக்கம் போய்விட்டது. கத்தினேன். நீ குரலைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சினாய்.

"நைனா, அவுங்க மயிலாப்பூர்லேந்து வர்றாங்க. மொட்ட டயர பாத்தா இன்னா நெனப்பாங்க? இன்னிக்கு ஒரு நாள் வுடு. ஊர்வலம் முடிஞ்சதும் நானே மாத்திடறேன்."

ஊர்வலம் என்றால் நாயனத்துக்குப் பின்னால் ஆமை மாதிரி நகர்கிற வண்டி. காய்ந்த தெரு. மாப்பிள்ளைப் பையன் வாய் விட்டுக் கேட்கிறான். சரி, தொலையட்டும் என்று விட்டேன். உன் அம்மாகூட, "புள்ள ஆசப்படுது, நீ ஏன்யா மூஞ்ச தூக்கினு கீறே?" என்றாள். ஊர்வலம் ஜோராகத்தான் நடந்தது. போட்டோவில் டயர் பளபளவென்று விழுந்திருக்கிறது. உன் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இன்னும் மாட்டியிருக்கிறதாமே.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து பெண்ணை நம் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். வானம் மூடிக்கொண்டு நின்றது. ஸ்டீரிங்கில் உட்காருவதற்கு முன்னால் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். மணமாலையோடு நீ வந்தாய்.

"டயர மாத்திட்டியாடா?"

"மாத்திட்டேன் நைனா. நீ வண்டிய எடு."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாய். என் பக்கத்து முன் டயர் பழசாக இருந்தது. அது பழசாகத்தான் இருக்க வேண்டும். பின்னால் போய்க் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் குனியவில்லை. பெற்ற பிள்ளை சொன்ன வார்த்தையைச் சரிபார்க்கிற புத்தி எனக்கு அன்றைக்கு இல்லை. இன்றைக்கு இருக்கிறது. அதை நீதான் கற்றுக் கொடுத்தாய்.

முன் சீட்டில் எனக்கு இடப்பக்கம் உன் மாமனார். பின்னால் நீ, உன் மனைவி, நடுவில் உன் அம்மா. தண்டையார்பேட்டை தாண்டியதும் தூறல் பிடித்தது. நான் வேகமாகப் போகவில்லை. அதை உன் மாமனாரே வேண்டுமானால் யோசித்துச் சொல்லட்டும். முன்னால் போன மூட்டை வண்டி மாடு மிரண்டு சட்டென்று குறுக்கே நின்றது. பிரேக்கை அழுத்தினேன். இடப்பக்கச் சக்கரங்கள் ரோட்டைக் கவ்விப் பிடித்தன. வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஸ்டீரிங்கைத் திருப்பத் திருப்ப, வண்டி நான் சொன்னதைக் கேட்காமல் இடது கைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் மோதியது. உன் மாமனார் உட்கார்ந்திருந்த கதவு உள்ளே அமுங்கிவிட்டது. அவர் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. இடது கை எலும்பு ரெண்டாகப் போயிற்று. பெரியவர் பட்ட வேதனைக்கு நான் இன்னமும் வருத்தப்படுகிறேன். ஓட்டியது நான். அதை இல்லை என்று எவனிடமும் சொன்னதில்லை.

அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் பின்சக்கரத்தைப் பார்த்தேன். வலது பின் டயர் மொழுமொழுவென்று மழையில் மின்னியது. நீயும் பார்த்தாய். மரத்தடியில் நீயும் நானும் நின்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். "நைனா, யார்கிட்டயும் சொல்லாத" என்றாய். அவ்வளவுதான் உன் வாயிலிருந்து வந்தது. அடிபட்டதா என்றுகூட நீ என்னைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், கட்டுப் போட்ட கையோடு உன் மாமனார் உன்னைக் கேட்டார்: "ஒண்ணும் நினைச்சுக்காதீங்க மாப்பிள்ளை. உங்கப்பா குடிப்பாரா?" நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கல்யாண வீட்டில் கொடுக்கிற சோடாவைக்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறவன் நான். நீ ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டாய். வாயால் சொல்லியிருந்தால் அது ஒரு பொய்யோடு போயிருக்கும். நீ தலை குனிந்த விதத்தில், பாவம் பையன், அப்பனைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை என்று அவர்கள் உன்னை மெச்சிக்கொண்டார்கள். அடப்பாவி!

அப்பொழுதே உள்ளே போய் உன் சட்டையைப் பிடித்திருப்பேன். உன் அம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அவன் வாயப்போற வூடுய்யா. கட்டிக்கினு வந்த மொத நாளே புருஷன் பொய்க்காரன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியணுமா? எனக்காவ வுடு. நான் கீறவரைக்கும் வாயத் தொறக்காத" என்றாள். அவளுக்காக விட்டேன். காதர் பாய் நொறுங்கிய வண்டியைச் சுற்றி வந்து டயரைப் பார்த்துவிட்டு, "யாருய்யா இப்டி மாத்துனது? உன் கை செய்ற வேல இல்லியே இது" என்றார். "நான்தான் பாய்" என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கல்யாண வீடுகூட வரவில்லை. குடிகாரன் வண்டியில் மாப்பிள்ளையை ஏற்ற எவன் சம்மதிப்பான்? சம்பந்தியின் கையையே உடைத்தவன் என்று மூலக்கொத்தளத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பேசினார்கள். வண்டியை வந்த விலைக்குத் தள்ளினேன். லாரி ஓட்டலாம் என்று போனால், என் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து மூச்சை மோந்து பார்த்தான் ஒரு முதலாளி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான், மறுநாள் சாயந்திரம்வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் காதர் பாய்தான் பட்டறையில் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து பிறத்தியார் வண்டிக்கு டயர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நீ உத்தியோக உயர்வு வாங்கினாய், கார் வாங்கினாய். வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு ஆள் மூலம் வேட்டி அனுப்பினாய். அதை நான் கட்டியதில்லை. பட்டறையில் டியூப் துடைக்க நன்றாக இருக்கிறது.

இவ்வளவும் உன் அம்மாவோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். மாசியில் மூலக்கொத்தளத்தில் அவளைப் புதைத்துவிட்டுத் திரும்பும்போது உன் மாமனார் என் தோளில் கை வைத்தார். அந்த இடது கை, இன்னமும் முழுசாக மடங்காத கை. "இனிமேலாவது அந்தப் பழக்கத்தை விட்டுடுங்க சம்பந்தி. பார்த்துக்க ஆள் இல்லை உங்களுக்கு" என்றார். நல்ல மனுஷர். மனசாரத்தான் சொன்னார். அதுதான் நெஞ்சை அறுக்கிறது. என் பெண்டாட்டியின் குழி மண் ஈரம் காயவில்லை, என்னைக் குடிகாரனாக வைத்து ஒருத்தர் இரக்கப்படுகிறார், என் பிள்ளை பக்கத்தில் நின்று மறுபடியும் தலையைக் குனிகிறான்! அவள் கேட்டது 'நான் இருக்கிற வரைக்கும்' என்று. அவள் இல்லை. என் வாக்கும் அன்றோடு முடிந்துவிட்டது.

நான் உன்னிடம் காசு கேட்கவில்லை. மயிலாப்பூரில் ஒரு மூலையில் படுக்கை கேட்கவில்லை. போன தொழிலும் திரும்பி வராது. எனக்கு ஸ்டீரிங் பிடிக்கக் கண்ணும் இல்லை இப்போது. எனக்கு வேண்டியது என் பேர். உன் மாமனாருக்கு எதிரே, உன் மனைவி காதில் விழும்படி, 'அன்றைக்கு நைனா குடிக்கவில்லை, டயரை மாற்றியதும் நான், மாற்றிவிட்டேன் என்று பொய் சொன்னதும் நான்' என்று நீ வாய் திறந்து சொல்ல வேண்டும். என் எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. எழுதியது குடிகாரன் என்று சொல்லிவிடலாம். உன் வாயால் வர வேண்டும். சொல்லிவிட்டாயானால் கார்த்திகைக்கு வரும்போது வண்டியை என் தெரு முனையில் நிறுத்து. ஐந்து நிமிஷம் இல்லை, ஐந்து நாள் இருங்கள், என் கையால் சமைத்துப் போடுகிறேன். என் பேத்தி என்னை என்ன வேண்டுமானாலும் கூப்பிடட்டும். சொல்ல முடியவில்லையா, நிறுத்தாதே. நேராகக் கோயிலுக்குப் போ. சாமிக்குக் கவசம் எடுத்திருக்கும், நன்றாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நேராக மயிலாப்பூர் போய்ச் சேர்.

ஆனால் ஒன்று. நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அன்றைக்குக் காலையிலிருந்து நான் ஹைரோட்டில்தான் நிற்பேன். மழை பெய்தாலும் நிற்பேன். வடக்கே போகிற வண்டி மேற்கு ஓரமாகப் போகும், ஆகவே நான் கிழக்குப் பக்கம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அங்கிருந்து பார்த்தால் உன் வண்டியின் வலப்பக்கம் மட்டும்தான் தெரியும். உன் முகத்தை நான் பார்க்கப் போவதில்லை. உள்ளே குழந்தை இருக்கிறது. உன் கல்யாணத்தன்று நீ சொன்னதை நம்பிப் பின் டயரைப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன். இந்தத் தடவை குனிந்து பார்ப்பேன்.

நைனா